கேமரா தூக்கி வருபவனுக்கு ஓர் ஆற்றுப்படை

தம்பி, வாழ்த்துகள். சேனல் தொடங்கப் போகிறாயாமே. வேலைக்குப் போகிற ஐந்து நாள் போக மிச்சமிருக்கும் சனி ஞாயிறில், சும்மா ஒரு பொழுதுபோக்குக்காக மலை ஏறி, வீடியோ எடுத்து, உலகத்துக்குக் காட்டப் போகிறாயாம். முதல் படப்பிடிப்புக்கு ஜவ்வாது மலையைப் பிடித்திருக்கிறாய். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஒரே ராத்திரியில் வந்து சேரலாம். ஊட்டி, கொடைக்கானல் மாதிரி இ-பாஸ் தொல்லை இல்லை. ஓட்டல் வாடகையும் கம்மி. நல்ல தேர்வு.

உனக்கு வழி சொல்ல வேண்டியது என் கடமை. இந்தப் பக்கத்து மலைகளுக்கு வழி சொல்வது இன்று நேற்று வந்த பழக்கம் அல்ல. ஜவ்வாது மலையின் அடிவாரத்துச் செங்கத்தை நன்னன் ஆண்ட காலத்தில், பரிசில் வாங்கப் புறப்பட்ட கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்லி பெருங்கௌசிகனார் 583 அடிகளில் ஒரு பாட்டே கட்டினார். பத்துப்பாட்டில் மலைபடுகடாம் என்று இருப்பது அதுதான். பாம்பு கிடக்கிற இடம், பன்றிக்கு வைத்த பொறி, தினைப்புனம் காப்பவன் எறிகிற கவண்கல், எந்த ஊரில் என்ன சோறு கிடைக்கும் என்பது வரை எல்லாம் அதில் உண்டு. வழி பிரிகிற இடத்தில் புல்லை முடிந்து வைத்துவிட்டுப் போங்கள், பின்னால் வரும் புதியவர்கள் தடுமாறக் கூடாது என்றுகூடச் சொல்லியிருக்கிறார். நீயும் அடையாளம் வைத்துவிட்டுத்தான் வருவாய். சிப்ஸ் பாக்கெட் மக்க நூற்றுக்கணக்கான ஆண்டு ஆகும். புல் முடிச்சு ஒரு மழைக்குத் தாங்காது.

அன்று புரவலன் நன்னன். இன்றைய புரவலரான யூடியூப் கலிபோர்னியாவில் சான் புருனோ என்கிற ஊரில் இருக்கிறார். அவர் வாசலில் காவலன் கிடையாது, நிபந்தனை மட்டும் உண்டு. 1,000 சந்தாதாரர் வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்குள் 4,000 மணி நேரம் உன்னை ஜனங்கள் பார்த்திருக்க வேண்டும், அல்லது 90 நாளில் ஷார்ட்ஸ் 1 கோடி தடவை ஓடியிருக்க வேண்டும். அதன் பிறகு விளம்பரக் காசில் பங்கு கொடுப்பார். அந்தக் காலப் புரவலன் யானையும் பொற்றாமரையும் கொடுத்தான். இவர் வெள்ளிப் பட்டன், தங்கப் பட்டன், வைரப் பட்டன் கொடுப்பார். யானைக்குத் தீனி போட வேண்டும், பட்டனைச் சுவரில் மாட்டினால் போதும்.

கருவி

யூடியூபில் ஏறிய முதல் வீடியோ 2005 ஏப்ரல் 23-ம் தேதி ஏறியது. அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜாவெத் கரீம், சான் டியாகோ விலங்குக் காட்சிசாலையில் யானைகளுக்கு முன்னால் நின்றுகொண்டு, இவற்றுக்குத் தும்பிக்கை ரொம்ப நீளம் என்ற பேருண்மையைச் சொல்லிவிட்டு முடித்துக்கொள்வார். மொத்தம் 19 விநாடி. பொழுதுபோக்கு என்றால் அதுதான் பொழுதுபோக்கு. ஃபோகஸ் போய்விட்டது, தும்பிக்கையை இன்னொரு தடவை தூக்கு என்று அவர் யானையைக் கேட்கவில்லை. யானையின் வறுமையைப் பார்த்து கேமராவுக்கு நேராகக் கண் கலங்கவும் இல்லை.

உனக்கு அது கட்டுப்படியாகாது. காலர் மைக், கிம்பல், ஹெல்மெட்டில் ஒட்டுகிற கேமரா, முடிந்தால் ட்ரோன் என்று எல்லாம் வாங்கியாக வேண்டும். எல்லாமே தவணையில் கிடைக்கும். சேனல் பெயரில் நாடோடி, வழிப்போக்கன், பரதேசி ஆகிய மூன்றில் ஒரு சொல் அவசியம். மாதம் பிறந்தால் தவணை கட்டுகிற பரதேசி என்று யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். வாயைத் திறந்ததும் ‘வணக்கம் மக்களே!’ என்று சொல். அந்த மக்கள் என்பவர்கள் ஃபோனுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள். உன் முதுகுக்குப் பின்னால் விறகுக்கட்டோடு நிற்கிறவர்கள் அதில் சேர்த்தி இல்லை. அவர்கள் லொக்கேஷன்.

வழி

போளூரிலிருந்து ஏறலாம். திருப்பத்தூரிலிருந்து புதூர்நாடு பக்கமாக ஏறலாம். ஆலங்காயம், காவலூர் வழியாகவும் ஏறலாம். மூன்று மாவட்டங்கள் பங்கு போட்டுக்கொண்ட மலை இது. திருவண்ணாமலைக்குக் கொஞ்சம், திருப்பத்தூருக்குக் கொஞ்சம், வேலூருக்குக் கொஞ்சம். ஒரு மலையை மூன்று பேர் ஆண்டால் ஒருவருடைய கவலையை மற்ற இரண்டு பேர் மேல் தள்ளிவிடுவது சுலபம். அந்த நிர்வாக நுட்பம் உனக்கு வேண்டாம். நீ வளைவுகளில் வண்டியைச் சாய்த்து எடு. முன் சக்கரத்தைத் தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால், காஞ்சிபுரம் அருகே அப்படித் தூக்கி விழுந்த யூடியூபர் டி.டி.எஃப். வாசனுக்கு 2023-ல் பத்தாண்டுக்கு லைசென்ஸ் போனதை நினைத்துக்கொண்டு தூக்கு.

ஜமுனாமரத்தூர் வந்ததும் இறங்கு. அங்கே ஒன்றிய அலுவலகம் இருக்கிறது, வட்டாட்சியர் அலுவலகம் இருக்கிறது, டீக்கடை இருக்கிறது, பஸ் வந்து திரும்புகிறது. அந்த டீக்கடையில் டீ குடித்துவிட்டு நாலு தப்படி தள்ளி வந்து, ‘மக்களே, இதுவரைக்கும் யாருமே கால் வைக்காத ஒரு இடத்துக்கு வந்திருக்கோம்’ என்று ஆரம்பி. பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு போகிற அரசுப் பேருந்தை எடிட்டிங்கில் எடுத்துவிடலாம். மலை முழுக்கப் பள்ளிக்கூடமும் ஓட்டுச்சாவடியும் ரேஷன் கடையும் இருந்தால்கூட, நீ வந்த தேதியிலிருந்துதான் அது கண்டுபிடிக்கப்பட்ட இடம். கொலம்பஸுக்கு இருந்த அதே வசதி.

பீமன் அருவியை எடு. கோமுட்டேரியில் படகை எடு. தலைப்பில் ‘மறைந்திருக்கும் சொர்க்கம்’ என்று போட்டுவிட்டு, விளக்கத்தில் கூகுள் மேப் இணைப்பையும் கொடு. மறைந்திருப்பதை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒழித்துக்கட்ட வேறு ஆயுதம் தேவையில்லை.

இன்னும் ‘த்ரில்’ வேண்டும் என்றால் காப்புக் காட்டுக்குள் போ. அனுமதியில்லாமல் உள்ளே போவது 1882-ம் ஆண்டின் வனச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் உனக்குத் தெரியாது. விறகு பொறுக்கியதற்கும் ஆடு மேய்த்ததற்கும் அபராதம் கட்டியவர்களுக்கு அது மனப்பாடம். உள்ளே போய் நெருப்பு மூட்டி, சிக்கனை மூங்கிலில் அடைத்துச் சுடு. 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீ மலையேறப் போனவர்களைச் சூழ்ந்தது, 23 பேர் செத்தார்கள். ஏழெட்டு ஆண்டு ஆகிவிட்டது, அல்காரிதம் அதையெல்லாம் மறந்திருக்கும். ஜவ்வாது மலைச் சரிவில் கோடையில் தீப்பிடித்தால், பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு அடிக்க ஓடுகிறவன் ஊர்க்காரன். நீ அதற்குள் அடிவாரத்தில் பரோட்டா விமர்சனம் செய்துகொண்டிருப்பாய்.

இருட்டு

ராத்திரிக்குக் காவலூர்ப் பக்கம் கூடாரம் அடி. 1960-களின் கடைசியில் வானியல் அறிஞர் வைணு பாப்பு இந்த ஊரைத் தேடிப் பிடித்தது இதன் இருட்டுக்காக. இங்கே நிறுவிய ஒரு மீட்டர் தொலைநோக்கி 1977-ல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதைக் கண்ட கருவிகளில் ஒன்று. பிறகு 2.34 மீட்டர் தொலைநோக்கி ஒன்றை இந்த நாட்டிலேயே செய்து நிறுத்தினார்கள். 1986-ல் ராஜீவ் காந்தி வந்து வானாய்வகத்துக்கு வைணு பாப்பு பெயரைச் சூட்டினார். 1988-ல் இங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு ராமானுஜன் என்று பெயர்.

இருட்டைக் கும்பிட்டுப் பிழைக்கிற ஊர் இது. நீ அங்கே ‘நட்சத்திரம் பார்க்கும் முகாம்’ போட்டு, ரிங் லைட்டை ஏற்றி, கார் ஹெட்லைட்டை எரியவிட்டு, ‘மக்களே, மேல பாருங்க, எவ்ளோ நட்சத்திரம்!’ என்று கத்து. உன் முகத்தில் வெளிச்சம் குறைந்தால் பார்க்கிறவன் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவான். பல நூறு ஆண்டு நடந்து வந்த ஒளி ஒருபக்கம், உன் கன்னத்துப் பளபளப்பு ஒருபக்கம். எது முக்கியம் என்று உன் ஃபோனைக் கேள், சொல்லும்.

பாட்டி

அருவியும் நட்சத்திரமும் எல்லோரிடமும் இருக்கின்றன. உன்னைத் தூக்கிவிடப் போவது பாட்டி. மலையில் வீட்டுக்கு ஒரு பாட்டி இருப்பார். சுருக்கம் நன்றாக விழுந்த முகமாகப் பார்த்துத் தேர்ந்தெடு.

இந்த மலையில் முக்கியமான விளைச்சல் சாமை. உரலும் உலக்கையும் இப்போது திண்ணை மூலையில்தான் கிடக்கும், சாமையைத் தூக்கிக்கொண்டு மெஷினுக்குப் போய்விடுவார்கள். மெஷினை எடுத்தால் எவன் பார்ப்பான்? ‘பாட்டி, உலக்கையில ஒரு தடவ குத்திக் காட்டுங்க’ என்று கேள். பாட்டி உரலைக் கழுவி, சாமையைக் கொட்டி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குத்த ஆரம்பிப்பார். முதல் தடவை உன் நிழல் உரல்மேல் விழும். இரண்டாம் தடவை மைக் ஆன் ஆகியிருக்காது. மூன்றாவது தடவையில், கேமராவைப் பார்க்காமல் குத்தச் சொல். எழுபது வயதுத் தோள்பட்டை உனக்காக மூன்று தடவை ஏறி இறங்கும். அதற்குப் பிறகு மூச்சு வாங்கிக்கொண்டே, ‘சாப்ட்டியா கண்ணு?’ என்று கேட்பார். அந்த வரியை முதலில் வை, சேனலுக்கே அது டிரெய்லர்.

சோறு போடுவார். வயிறாரச் சாப்பிடு. கையைக் கழுவாமலே கேமராவைத் திருப்பி, ‘மக்களே, இவங்ககிட்ட ஒண்ணுமே இல்ல, ஆனா மனசு மட்டும்...’ என்று தொண்டையை அடைத்துக்கொள். அவரிடம் ஒன்றுமே இல்லை என்று எந்தக் கணக்கில் சொன்னாய்? நிலம் இருக்கிறது, அதற்குப் பட்டா இல்லை. காடு இருக்கிறது, அதில் காலெடுத்து வைத்தால் வழக்கு. 2006-ல் வன உரிமைச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தை இந்த வீட்டு வாசலுக்கு யாராவது கொண்டுவந்து கொடுத்தார்களா என்று கேட்டால் வீடியோ பன்னிரண்டு நிமிஷத்தைத் தாண்டிவிடும். ஆகவே ‘ஒண்ணுமே இல்ல’ என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவதுதான் எடிட்டிங் தர்மம்.

நடுவில் பேரன் வருவான். ‘அண்ணா, உங்களுக்கு ஆபீஸருங்க யாராச்சும் தெரியுமா? சாதிச் சான்றிதழுக்கு நடையா நடக்கறேன், காலேஜ்ல கேக்கறாங்க’ என்பான். அந்த இடத்தை வெட்டிவிட்டுக் குயில் சத்தம் போடு. மருமகள், ‘இத எதுல போடுவீங்க? எங்களுக்குப் பாக்கறதுக்கு டவர் கெடைக்காதே’ என்பார். அதையும் வெட்டு. சிக்னலுக்காகப் பாறை ஏறி நிற்கிறவர்களின் முகத்தை, சிக்னல் உள்ள ஊர்க்காரர்கள் சோறு தின்றுகொண்டே பார்ப்பதுதான் நீ செய்யப்போகும் சேவை.

கிளம்பும்போது பாட்டி கையில் இருநூறு ரூபாய் வை. வைப்பதை இரண்டு கோணத்தில் எடு. படமெடுக்காத தர்மம் எந்த ஏட்டிலும் ஏறாது.

வரும்படிக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வீடியோவுக்கு நடுவே ஓடும் விளம்பரத்தில் நூறு ரூபாய் வந்தால் 55 உனக்கு, 45 யூடியூபுக்கு. பாட்டிக்கு மீதி.

இதில் அனுமதி என்று ஒன்று குறுக்கே வருமோ என்று பயப்படாதே. இந்திய அரசியல் சட்டத்தில் ஐந்தாம் அட்டவணை என்று ஒன்று உண்டு. பழங்குடிப் பகுதி என்று அறிவித்துவிட்டால் அங்கே கிராம சபைக்குத் தனி அதிகாரம் வந்துவிடும். தமிழ்நாட்டில் அப்படி ஒரு பகுதிகூட அறிவிக்கப்படவில்லை. ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிகள் (கேரளத்துக்காரர்கள் அல்ல, இந்த மலைமக்கள்தான்) பட்டியல் பழங்குடியினர், அவர்கள் வாழும் மலை மட்டும் பழங்குடிப் பகுதி ஆகாது. ஆளைப் பதிவேட்டில் ஏற்றிவிட்டு அவன் நிற்கிற தரையை விட்டுவிட்ட அரசுக்கு நீ என்றென்றும் கடமைப்பட்டிருக்கிறாய்.

அந்தமானிலும்கூடச் சட்டத்துக்கு அஞ்சாத முன்னோர்கள் உனக்கு உண்டு. ஜாரவா மக்களைச் சாலையோரம் ஆடவைத்துப் படமெடுத்த வீடியோ 2012-ல் உலகத்தைச் சுற்றி வந்து நாட்டின் மானத்தை வாங்கியது. 2025 மார்ச்சில் ஓர் அமெரிக்க யூடியூபர் படகு கட்டிக்கொண்டு வடக்கு சென்டினல் தீவில் இறங்கினார். வெளியாள் வேண்டாம் என்று காலங்காலமாக அம்பெய்து சொல்லிவரும் மக்களின் கரையில் ஒரு தேங்காயையும் ஒரு டயட் கோக் டப்பாவையும் வைத்துவிட்டு, வீடியோவும் எடுத்துக்கொண்டு திரும்பினார். போலீஸ் பிடித்தது. சர்க்கரை இல்லாத பானமாகப் பார்த்துக் கொடுத்திருக்கிறார், அம்மக்களின் உடல்நலத்தில் அவ்வளவு அக்கறை. ஜவ்வாது மலையில் யாரும் உன்மேல் அம்பு விட மாட்டார்கள். சோறு போடுவார்கள். அதனால்தான் நீ தீவுக்குப் போகவில்லை, இங்கே வந்திருக்கிறாய்.

கல்

பேய் வீடியோவுக்கும் இங்கே வழி உண்டு. பெருங்கற்காலத்து மக்கள் செத்தவர்களுக்காக எழுப்பிய கற்திட்டைகள் இந்த மலையில் கூட்டம் கூட்டமாக நிற்கின்றன. பலகைக்கல்லை நாலு பக்கமும் நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லை மூடியிருப்பார்கள். உள்ளூரில் அவற்றைக் குள்ள மனிதர்கள் வாழ்ந்த வீடு என்று சொல்வார்கள். அந்தக் கதையே உனக்கு முதலீடு. சிவப்பு வட்டம் போட்டு, மஞ்சள் அம்பு போட்டு, ‘குள்ள மனிதன் இன்னும் உள்ளே?’ என்று ஒரு கேள்விக்குறி வை. மூடுகல்லின் மேல் ஏறி உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டே பேசு. உன் தாத்தா சமாதிமேல் ஒருவன் ஏறி உட்கார்ந்து சப்ஸ்கிரைப் பண்ணச் சொன்னால் வெட்டுக்குத்து ஆகியிருக்கும். இந்தத் தாத்தாவுக்கு ஆதார் அட்டை இல்லை, உட்காரலாம்.

எடுக்கக் கூடாதவை

தொடங்குகிறவனுக்கு இது முக்கியம். சில விஷயங்களை எடுத்தால் யூடியூப் உன் வீடியோ பக்கத்தில் ஒரு மஞ்சள் டாலர் குறி போடும். விளம்பரதாரருக்குப் பிடிக்கவில்லை, காசு குறையும் என்று அர்த்தம். சாவு, துப்பாக்கி, போலீஸ், அழுகை எல்லாம் மஞ்சள். ஆகவே 2015 ஏப்ரல் 7 பற்றிப் பேசாதே.

இந்த மலையில் ஒரு காலத்தில் சந்தன மரம் காடாக நின்றது. அரசு வெட்டியது திருப்பத்தூர்க் கிடங்குக்குப் போய் ஏலத்தில் உலகமெல்லாம் மணந்தது. கடத்தல்காரன் வெட்டியது வேறு வழியில் போய் மணந்தது. இரண்டு பேரும் வெட்டி முடித்தபின் மலையில் மிஞ்சியது, மரம் வெட்டத் தெரிந்த கைகளும் கூலி இல்லாத வீடுகளும். அந்தக் கைகளைத் தேடித் தரகர்கள் வந்தார்கள். ஆந்திராவின் சேஷாசலம் காட்டுக்குச் செம்மரம் வெட்ட வண்டி ஏற்றினார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று அங்கே ஆந்திரப் போலீசின் அதிரடிப்படை சுட்டதில் 20 பேர் செத்தார்கள். அவர்களில் ஜவ்வாது மலையிலிருந்தும் அதன் அடிவாரத்திலிருந்தும் போனவர்கள் பலர். மரத்தை வாங்கிக் கப்பலில் ஏற்றிய முதலாளி ஒருவன்கூட அந்தக் காட்டில் சாகவில்லை.

முதலில் இந்த மலையின் மரம் போனது. பிறகு ஆள் போனான். இப்போது எடுக்க மிச்சமிருப்பது அவர்கள் முகம்தான், அதற்கு நீ வந்திருக்கிறாய். உன் கையில் கோடரி இல்லை என்பதால் உன்னைக் கடத்தல்காரன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஸ்ரீபதியைப் பற்றி எடுக்கலாமா என்று கேட்பாய். ஜவ்வாது மலைப் புலியூரைச் சேர்ந்த அந்தப் பெண், பிள்ளை பெற்ற சில நாட்களில் சென்னைக்குப் போய்த் தேர்வு எழுதி, சிவில் நீதிபதியாகத் தேர்வானார். 2024 பிப்ரவரியில் தமிழ்நாடே அவரைக் கொண்டாடியது. எடு, அது பச்சை டாலர். ஆனால் பச்சை உடம்போடு அத்தனை தூரம் காரில் போய்த் தேர்வு எழுதியதை ‘தன்னம்பிக்கை’ என்று மட்டும் சொல். அடுத்த பிள்ளை படிக்க மலையில் எத்தனை ஆசிரியர் இடம் காலியாகக் கிடக்கிறது என்ற பேச்சுக்குப் போகாதே. ஒருவர் கரையேறிவிட்டால் போதும், ஆற்றுக்குப் பாலம் தேவையில்லை என்று சொல்லிவிட வசதியாக இருக்கும்.

‘அண்ணே, வீடியோ எடுக்கிறவன் எல்லாம் திருடனா?’ என்று நீ கோபிப்பது கேட்கிறது. இல்லை. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்களும் 2018-ல் வில்லேஜ் குக்கிங் சேனல் என்று தொடங்கினார்கள். சொந்த ஊர், சொந்த வரப்பு, சொந்தக் கையால் அரைத்த மசாலா. 2021-ல் ஒரு கோடி சந்தாதாரரைத் தொட்ட முதல் தமிழ் சேனல் அது. அந்த நேரத்தில் முதல்வரின் கொரோனா நிவாரண நிதிக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். அவர்கள் யாருடைய வறுமையையும் வாடகைக்கு எடுக்கவில்லை. தங்கள் வீட்டைத் தாங்களே காட்டினார்கள், வந்த காசு அந்த வீட்டுக்கே வந்தது. நீ உன் அபார்ட்மென்ட்டைக் காட்டேன். கழிவுநீர் எங்கே போகிறது, வாட்ச்மேனுக்கு என்ன சம்பளம், வேலைக்கார அம்மாவுக்கு லிப்டில் ஏற அனுமதி உண்டா என்று முதல் வீடியோ போடு. காட்ட மாட்டாய். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

வரம்பு

உன்னை இவ்வளவு திட்டியதற்கு ஒரு சமாதானம் சொல்லிவிடுகிறேன், தம்பி. நீ சின்ன மீன். உன்னைவிடப் பெரிய சேனல் ஒன்று இந்த மலையில் ஓடுகிறது. அதற்கு அரசு என்று பெயர். ஜமுனாமரத்தூரில் கோடை விழா நடத்துவார்கள். மேடை உண்டு, மலைமக்களின் ஆட்டம் உண்டு, அவர்களோடு கைகோர்த்து இரண்டு அடி எடுத்து வைக்கும் பிரமுகர் உண்டு, அதை எடுக்க ட்ரோன் உண்டு. எந்தக் கட்சி ஆண்டாலும் அந்த இரண்டு அடி மாறாது. ஆட்டம் முடிந்து விருந்தினர் வண்டிகள் இறங்கிய பிறகு, பிரசவ வலி கண்ட பெண்ணை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு அதே மலையிலிருந்து நாலு ஆண்கள் இறங்குவார்கள். அவர்களும் எடுத்து வைப்பது அடிதான். அதற்கு மேடை இல்லை.

2023 மே கடைசியில் வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கத்து அல்லேரி மலையில், வீட்டு வாசலில் படுத்திருந்த ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. மலையிலிருந்து இறக்கிக் கொண்டுபோவதற்குள் குழந்தை போய்விட்டது. பிரேதப் பரிசோதனை முடிந்து உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ், இதற்கு மேல் ரோடு இல்லை என்று பாதி வழியில் இறக்கிவிட்டது. மிச்சத் தூரத்தைத் தாய் குழந்தையின் உடலைச் சுமந்துகொண்டு நடந்தார். கிலோமீட்டர் கணக்கில் நடந்தார். அது வீடியோவானது. நாடு முழுக்கப் பார்த்தது. அதற்குப் பிறகு அதிகாரிகள் மலை ஏறினார்கள். ரோடு போடுவது பற்றிய அறிவிப்புகள் வந்தன. வனத்துறை அனுமதி என்கிற, அதுவரை அசையாத கோப்பு பற்றிப் பேச்சு எழுந்தது.

அந்த ஊர்க்காரர்கள் ரோடு கேட்டு அதற்கு முன்னால் மனு கொடுக்காமலா இருந்திருப்பார்கள்? ஒவ்வொரு தேர்தலுக்கும் வாக்குறுதி வாங்காமலா ஓட்டுப் போட்டிருப்பார்கள்? காகிதத்தில் வந்தபோது ஏறாத மலையை ஃபோனில் வந்ததும் ஏறினார்கள் என்றால், திங்கள்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகங்களில் நடக்கும் குறைதீர் கூட்டம் எதற்கு? அங்கே போடுகிற ரப்பர் ஸ்டாம்பு எதற்கு? கைநாட்டு வைத்த மனுவுக்கு இல்லாத மரியாதை, யாரோ ஒருவன் எடுத்த நடுங்கும் வீடியோவுக்கு எப்படி வந்தது?

யூடியூபைப் பற்றி நாம் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். அது தன் வரம்பை மறைக்கவில்லை. 1,000 சந்தாதாரர், 4,000 மணி நேரம், அதற்குப் பிறகு காசு. எட்டாத உயரமாக இருந்தாலும் எவ்வளவு உயரம் என்று தெரியும். நம் அரசின் வரம்பு என்ன என்பது யாருக்கும் தெரியாது. ஒரு மலைக்கிராமத்துக்குத் தார் ரோடு வர எத்தனை பேர் பார்த்திருக்க வேண்டும்? பத்து லட்சமா, ஒரு கோடியா? ஆங்கிலச் சேனலில் வந்தால் இரட்டிப்பாகக் கணக்கிடுவார்களா? தாய் அழுதால் சேருமா, அழாமல் நடந்தால் சேருமா? குழந்தை செத்துப்போய்த்தான் ஆக வேண்டுமா, உயிர் ஊசலாடினால் மண் ரோடாவது கிடைக்குமா?

இதை ஓர் அரசாணையாக வெளியிட்டுவிடலாம். எத்தனை பார்வைக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை பகிர்வுக்கு ஒரு செவிலியர், எவ்வளவு கண்ணீருக்குப் பாம்புக்கடி மருந்தோடு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்று அட்டவணை போட்டு, வட்டாட்சியர் அலுவலகச் சுவரில் ஒட்டட்டும். ஆம்புலன்ஸில் ஒரு ஸ்டாண்டும் காலர் மைக்கும் வைத்துவிடட்டும், மருந்துதான் இருக்காது. மலை ஒன்றியங்களுக்குத் தலா ஒரு வீடியோ எடிட்டர் பணியிடம் உருவாக்கட்டும். மருத்துவர் பணியிடம் மாதிரி அது காலியாகக் கிடக்காது. ஜமுனாமரத்தூருக்கு மனுவோடு நடக்கிற ஜனங்களுக்குக் கால்வலியாவது மிச்சமாகும். மலையில் இருக்கும் தாய்மார்களும், இன்னும் எத்தனை பிள்ளைகளைக் கேமராவுக்கு முன்னால் சுமந்து நடந்தால் தங்கள் ஊருக்கு ரோடு வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.